தேடாமல் குறைந்த நோய்

2005 டிசம்பர் கணக்குப்படி, இந்தியாவில் தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு. 1983இல் இதே கணக்கு பத்தாயிரத்துக்கு 57.8 ஆக இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி ஓர் இறக்கம் எந்த நாட்டுக்கும் பெருமைதான். 1991இல் உலக சுகாதார சபை வைத்த இலக்கை எட்டிவிட்டோம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் ஒழிந்தது என்று 2006 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023இல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தொழுநோயாளிகள் 1,82,815 பேர். அவர்களில் 1,07,851 பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட நோயில் உலகத்தின் பாதிக்கு மேல் நம் வீட்டில். இரண்டு கணக்குமே அதிகாரபூர்வமானவை, இரண்டுமே சரியானவை. முதல் கணக்கு எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று பார்த்தால் முரண்பாடு விலகிவிடும். வட சென்னையின் கொருக்குப்பேட்டை போன்ற ஓர் இடத்தை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் தெளிவாக விலகும்.

முதல் கணக்கு எண்ணுவது பதிவேட்டில் இருக்கும் பெயர்களை. மருந்தை முடித்தவரின் பெயர் அடிக்கப்படும். டாப்சோன் என்ற ஒரே மருந்து இருந்த காலத்தில் ஒருவர் பெயர் பத்து, இருபது வருடம், சிலருக்கு ஆயுள் முழுவதும் பதிவேட்டில் கிடந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், க்ளோஃபசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு முதலில் இரண்டாண்டுக்குக் குறையாமல் கொடுத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அது 12 மாதமாகச் சுருங்கியது. கிருமி குறைந்தவர்களுக்கு 6 மாதம். மருத்துவத்தில் இது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் பதிவேட்டில் தங்கும் காலம் பாதியானால், புதிதாக நோய் வருகிறவர்கள் ஒருவர்கூடக் குறையாவிட்டாலும் பதிவேடு பாதியாக மெலியும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் கை வேகமாக இருந்தால் வரிசை குட்டையாகும். ஊரில் அட்டைகள் குறைந்துவிட்டன என்று அதை வைத்து யாரும் சொல்ல மாட்டார்கள். தொழுநோயில் அப்படித்தான் சொன்னோம்.

சரி, பதிவேட்டை விடுவோம், புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களை மட்டும் எண்ணுவோம் என்றால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 2001இல் இந்தியாவில் புதிய நோயாளிகள் 6 லட்சத்துக்கும் மேல். 2005இல் 1.7 லட்சத்துக்குள். நான்கே ஆண்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காணாமல் போனது. இந்தக் கிருமியின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இது உறுத்த வேண்டும். தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட. 2005இல் தோலில் திட்டு தெரிந்தவர் பெரும்பாலும் 2000 வாக்கிலோ அதற்கும் முன்போ தொற்றியவர். இவ்வளவு நிதானமாக நடக்கும் நோய் நான்கு ஆண்டில் இப்படிச் சரியாது. அந்த ஆண்டுகளில் சரிந்தது தேடுதல். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் பள்ளிப் பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதும் நின்றன. தொழுநோய்க்கென்றே இருந்த களப்பணியாளர்கள் பொதுச் சுகாதார அமைப்போடு சேர்க்கப்பட்டார்கள். நோயாளி தானாக வரட்டும் என்பது கொள்கையானது. முந்தைய எண்ணிக்கையில் இரட்டைப் பதிவுகளும் தப்பான கண்டுபிடிப்புகளும் இருந்தன, அவற்றைக் களைந்ததற்கும் இந்த இறக்கத்தில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2007 முதல் 2017 வரை பத்து ஆண்டுகள், புதிய நோயாளிகள் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கும் 1.4 லட்சத்துக்கும் நடுவிலேயே நின்றார்கள். பரவல் உண்மையிலேயே அறுந்திருந்தால் இறக்கம் தொடர்ந்திருக்கும். 2016இல் அதிகப் பாதிப்புள்ள மாவட்டங்களில் மட்டும் வீடு வீடாகத் தேடும் இயக்கம் நடந்தபோது, ஒரே சுற்றில் சுமார் 34 ஆயிரம் பேர் அகப்பட்டார்கள். கொரோனா வந்த 2020இல் எண்ணிக்கை 65 ஆயிரத்துச் சொச்சமாக விழுந்தது. கிருமி ஊரடங்குக்குக் கட்டுப்பட்டது என்று எந்த நிபுணரும் சொல்லவில்லை. 2022இல் மறுபடி 1,03,819. தேடினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது என்றால் அந்த எண் நோயைவிடத் தேடுதலைத்தான் அதிகம் அளக்கிறது.

இதே நாட்டில் இன்னொரு தோல் நோய் நிஜமாகவே ஒழிந்தது. யாஸ் என்ற அந்தப் புண்நோய், காட்டோரப் பழங்குடிக் குழந்தைகளின் காலிலும் முகத்திலும் வந்து, கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை அரிக்கும். சாலை முடிந்த இடத்தில் தொடங்கும் நோய் என்று அதைப் பற்றிச் சுகாதாரத் துறையில் சொல்வார்கள். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் 1996இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கு விரிந்தது. கடைசி நோயாளி 2003இல். அதோடு கடையைக் கட்டவில்லை. தொடர்ந்து ஊர் ஊராகத் தேடினார்கள், தகவல் சொன்னால் பரிசு என்றார்கள், சின்னக் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் புதுத் தொற்று ஏதும் இல்லை என்று நிரூபித்தார்கள். அதன் பிறகே 2016இல் இந்தியா யாஸ் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. யாஸ் சுலபமான எதிரி, ஒரு பென்சிலின் ஊசியில் போய்விடும், தொழுநோயோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சுலபமான எதிரிக்கே கடைசி ஆளுக்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் காவல் நின்றோம். கடினமான எதிரியிடம், பத்தாயிரத்தில் ஒருவர் மீதி இருக்கும்போதே காவலை எடுத்துவிட்டோம். எளிதில் ஒளிந்துகொள்ளும் நோய்க்கு அல்லவா நீண்ட காவல் தேவை?

எப்படி ஒளிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் கண்ட இந்தக் கிருமி, காசநோய்க் கிருமிக்கு உறவு. இரண்டாகப் பெருகவே பன்னிரண்டு, பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. இன்று வரை சோதனைக் கூடத் தட்டில் அதை வளர்க்க முடிந்ததில்லை. மூக்கிலிருந்து வரும் நீர்த்துளிகள் வழியாக, நீண்ட நாள் நெருங்கிப் பழகுகிறவர்களிடையே பரவுகிறது. மனிதர்களில் மிகப் பெரும்பாலோர் அதை இயல்பாகவே எதிர்த்து நின்றுவிடுகிறார்கள். எதிர்க்க முடியாத சிலரின் உடம்பில் அது குளிர்ந்த இடமாகப் பார்த்துக் குடியேறும்: தோல், காது மடல், மூக்கு, முழங்கைக்கும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அருகில் தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். தோலில் வெளிறியோ செம்பு நிறமாகவோ ஒரு திட்டு வரும். அரிக்காது, வலிக்காது, பஞ்சால் வருடினால் உணர்ச்சி இருக்காது. மனிதனை மருத்துவரிடம் விரட்டுவது வலியும் அரிப்பும்தான். இந்த நோய் இரண்டையும் பறித்துக்கொண்டு வருகிறது. முழங்கை நரம்பு தடித்தால் சுண்டு விரல் மரக்கும், பிறகு மடங்கும். முழங்கால் பக்க நரம்பு போனால் பாதம் தொங்கும். மரத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. அதே புண்ணோடு மாதக்கணக்கில் நடப்பார்கள். சிகிச்சை கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் செத்த நரம்பைத் திருப்பித் தராது. அதனால் ஒருவரை எப்போது கண்டுபிடித்தோம் என்பதே அவருடைய மீதி வாழ்க்கை. 2023இல் உலகில் 9,729 பேர் கண்ணுக்குத் தெரியும் ஊனம் வந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

தேடுவது எப்படி என்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உலகத் தொழுநோய் மருத்துவத்தில் பாதிப் பாடம் இங்கே எழுதப்பட்டது. செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் 1940களில் சல்ஃபோன் மருந்துகளைச் சோதித்தார். அந்த மருத்துவமனைதான் 1955இல் மத்திய அரசின் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமானது. மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை பால் பிராண்ட் வேலூரில் 1948இல் தொடங்கினார். இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு இவர்களைவிட முக்கியமானவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் என்ற பெல்ஜியக்காரர். 1955இல் செங்கல்பட்டு மாவட்டம் பொலம்பாக்கத்தில் மையம் அமைத்து, நோயாளிகளை விடுதிக்குள் அடைப்பதற்குப் பதில் ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார். அவருக்குப் பின் க்ளேர் வெலூ அந்த வேலையைத் தொடர்ந்து, இந்தியக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். தமிழ்நாட்டுக்கு வெளியே, வார்தாவில் காந்தி நினைவுத் தொழுநோய் அறக்கட்டளையின் வார்தேகர் வகுத்த 'ஆய்வு, கல்வி, சிகிச்சை' என்ற முறை, அதாவது முதலில் போய்த் தேடு என்ற முறை, தேசியத் திட்டமானது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவு நடத்திய தடுப்பூசி ஆய்வில் சுமார் 1.7 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதன் முடிவுகள் 1998இல் வெளியாயின. இந்தப் பெருமைப் பட்டியலில் ஒரு பொது அம்சம் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே கிராமத்தை மனதில் வைத்துச் செய்தவை. குளக்கரை, மரத்தடி, நூறு வீடு, எல்லாரையும் பெயர் சொல்லித் தெரிந்த தலையாரி. சென்னைக்குள்ளும் நகர்ப்புறத் தொழுநோய் மையங்கள் இருந்தன, 1970களிலிருந்து தொண்டு நிறுவனங்கள் பள்ளிகளில் தேடின. ஆனால் திட்டத்தின் கற்பனையில் தொழுநோய் என்பது கிராமத்து ஏழையின் நோயாகவே நின்றுவிட்டது.

கொருக்குப்பேட்டை கிராமம் இல்லை. ரயில் பாதைகளுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கும் இடையே நெருக்கிக் கட்டப்பட்ட வீடுகள், சரக்கு ரயில் வந்து போகும் கொட்டகைகள், தண்டையார்பேட்டை மண்டலத்தின் ஜன நெரிசல். கிராமத்தில் நோய்க்கு எது வசதியோ, அதாவது ஓர் அறைக்குள் பலர் பல வருடம் சேர்ந்து தூங்குவதும் ஊட்டக் குறைவும், அது இங்கேயும் உண்டு. கிராமத்தில் தேடுகிறவருக்கு எது வசதியோ அது இங்கே இல்லை. வாடகை ஏறினால் குடும்பம் அடுத்த தெருவுக்கு மாறும், பிறகு எர்ணாவூருக்கோ பெரும்பாக்கம் மறுகுடியிருப்புக்கோ போகும். பகல் நேரத்தில் கதவைத் தட்டினால் ஆண்கள் மூட்டை தூக்கவும் பெண்கள் வீட்டு வேலைக்கும் காசிமேட்டில் மீன் வெட்டவும் போயிருப்பார்கள். நகரப் பள்ளி, நகர மருத்துவமனை, பேருந்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இவர்களுக்கெல்லாம் சேவை கிடைத்துவிடுகிறது என்ற நினைப்பும் ஒரு திரை.

சராசரி இங்கே என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011இல் விரிவாக்கப்பட்ட பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அந்த ஆண்டுக் கணக்கெடுப்புப்படி 66 லட்சத்துக்கு மேல் மக்கள். பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அளவுகோலை வைத்தால், 660 பேர் வரை சிகிச்சையில் இருந்தாலும் நகரம் 'ஒழித்த' நகரம்தான். அந்த 660 பேரும் இருநூறு வார்டுகளிலும் மூன்று மூன்றரை பேராகப் பரவியிருந்தால் ஒரு கதை. ரயில் பாதை ஓரமும் கால்வாய் ஓரமும் உள்ள பத்து வார்டுகளில் குவிந்திருந்தால் வேறு கதை. இரண்டு கதைக்கும் சராசரி ஒன்றேதான். இந்த நோய் குவியும் இயல்புடையது என்பது பழைய களப்பணியாளர்கள் எல்லாருக்கும் தெரியும். நோயாளியின் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருப்பவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. குவியும் நோயைச் சராசரியால் அளப்பது, அடையாறையும் கொருக்குப்பேட்டையையும் கூட்டி இரண்டால் வகுத்து இரண்டும் நலம் என்று எழுதுவதுதான். சென்னையில் பல விஷயங்களுக்கு இப்படித்தான் எழுதுகிறோம்.

வட சென்னையில் இந்த நோய் போட்டுக்கொள்ள மாறுவேடங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. வெளிறிய திட்டு என்றால் தேமல். வியர்வையில், வெயிலில் வேலை செய்கிறவர் உடம்பில் தேமல் இல்லாமல் இருக்குமா? மருந்துக் கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஒன்றைக் கொடுப்பார்கள். படர்தாமரைக்கும் அதுதான், சொறிக்கும் அதுதான், எதற்கும் அதுதான். திட்டு கொஞ்சம் மங்கும், மாதங்கள் ஓடும். கால் மரத்துப்போச்சு என்றால் சுகர். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் சுகர் இவ்வளவு பரவியிருக்கும் நகரத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; அதனால்தான் அது ஆபத்தானது. சுகர் உள்ளவருக்கே தொழுநோயும் இருந்தால் அவர் இரண்டாவதைப் பற்றி யாரிடமும் கேட்கப்போவதில்லை. மீன் வெட்டுகிற பெண்ணின் கை மரத்தால் ஐஸ்கட்டி காரணம். வெல்டிங் செய்கிறவர் கையில் சூடு பட்டுத் தெரியவில்லை என்றால் பழகிப்போன கை. தொழிற்சாலைக் காயம் என்றால் தொழிற்சாலைக் காயம், அவ்வளவுதான். ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. நசுங்கிய, அறுந்த கைகளுக்கு இந்தப் பகுதி மக்கள் ஓடுவது அங்கேதான். உழைப்பால் கெடும் கைகள் நிறைந்த ஊரில், கிருமியால் கெடும் கை தனித்துத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால், பார்க்கிறவர் அதையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஒழிந்துவிட்டது என்று படித்து வந்த இளம் மருத்துவரின் மனதில் அது எத்தனையாவது ஊகமாக வரும்?

மருந்து இலவசம், ஊசி கிடையாது, ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை, முதல் வேளைகளிலேயே தொற்றும் தன்மை போய்விடுகிறது. இவ்வளவு வசதி இருக்கும்போது நோயாளிகள் தாமாகவே வர மாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. 2000க்குப் பிந்தைய கொள்கை முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் நின்றது. வலியில்லாத நோய்க்கு யாரும் சீக்கிரம் வருவதில்லை என்பது ஒரு பதில். வந்தால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பதில், அந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடியதும் இல்லை, ஏனென்றால் சட்டமே அதற்கு முத்திரை குத்தி வைத்திருந்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை திருமணச் சட்டங்களில் இருந்தது. நோய் உள்ளவர் நகராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற ஒடிசா சட்டப் பிரிவை, கூட்டு மருந்து வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2008இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவி, மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில், வலிக்காத ஒரு திட்டைக் காட்ட ஏன் தானாக வரிசையில் நிற்கப்போகிறாள்? அவள் வராததைக் குற்றமாகச் சொல்லும் கொள்கை, தான் போகாததைச் சாமர்த்தியமாக மறைத்துக்கொள்கிறது.

வட சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் மற்றொரு மறுப்பு, 'இது வடக்கத்திக்காரர்கள் கொண்டுவருவது' என்பது. பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் தொழுநோய் அதிகம் என்பதும், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வேலைத்தலங்களில் அந்த மாநிலத் தொழிலாளர்கள் அதிகம் என்பதும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்தால் மூன்றாவது உண்மை தானாகப் பிறந்துவிடாது. அடைகாலம் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள் என்னும்போது, இங்கே எட்டு வருடமாக வேலை செய்கிறவருக்கு நோய் எங்கே தொற்றியது என்று எந்தப் பரிசோதனையும் எளிதில் சொல்லிவிடாது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் நாட்டிலேயே அதிகத் தொழுநோய் இருந்த மாவட்டங்களில் ஒன்று. வட சென்னைக்குப் பிழைக்க வந்தவர்களில் பெருந்தொகையினர் அந்தப் பக்கத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்தவர்கள்தான். ஒருவேளை மறுப்பாளர்கள் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும், அது தேடாமல் இருக்க அல்ல, ஒரு தகரக் கொட்டகைக்குள் பத்துப் பேர் தூங்கும் இடங்களில் முதலில் தேடக் காரணம். வேலை முடிந்து அடுத்த மாநிலத்துக்குப் போகிறவரின் மாத்திரை அட்டை அவரோடு போக ஏற்பாடு வேண்டும் என்பதற்கும் காரணம்.

முன்னுரிமை பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. காசநோய், சர்க்கரை, சிறுநீரகம், எண்ணூர்ச் சாம்பலும் மணலிப் புகையும் ஏற்றிவிடும் மூச்சுக் கோளாறு என்று இந்த மக்கள் மேல் இவ்வளவு இருக்கும்போது, சிலருக்கு வரும், உயிரைக் கொல்லாத ஒரு நோய்க்கு ஆளும் பணமும் எதற்கு? தனியாக ஓர் இலாகா, தனியாக ஊழியர் படை என்று கேட்டால் இந்த மறுப்பு வென்றுவிடும், வெல்லவும் வேண்டும். ஆனால் கதவைத் தட்டும் கை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. சர்க்கரைக்காரரின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் அதே நைலான் இழைதான் தொழுநோய்க்கும். சுகர் பார்க்க வந்தவர், உணர்ச்சியில்லாத திட்டு உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று கேட்கவும், சுண்டு விரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கச் சொல்லிப் பார்க்கவும் இரண்டு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. இதற்குச் செலவு, பயிற்சியும் அந்த இரண்டு நிமிடமும். விட்டால் வரும் செலவு, முப்பது வயதில் மடங்கிய கையோடு மூட்டை தூக்க முடியாமல் போகிறவரின் அடுத்த முப்பது ஆண்டு. உயிரைக் கொல்லாத நோய் என்பது உண்மை. கூலிக்காரரின் கையைக் கொல்லும் நோய் என்பதும் உண்மை.

தேடினால் களங்கம் கூடுமே என்று அக்கறையோடு கேட்கிறவர்கள் உண்டு. தொழுநோய் ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டைத் தெருவே ஒதுக்கிவைத்த காலம் இருந்தது. தனித் திட்டத்தைப் பொதுச் சுகாதாரத்தோடு இணைத்ததற்கு அதுவும் ஒரு நல்ல காரணம். அந்த இணைப்பைக் கலைக்கச் சொல்வது முட்டாள்தனம். இணைத்தபோது தேடுதலையும் சேர்த்தே கைவிட்டதுதான் தப்பு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் தோல் சார்ந்த புறக்கணிக்கப்பட்ட நோய்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கையாளச் சொல்லி ஒரு வழிமுறை வெளியிட்டது. நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. 'தொழுநோய் முகாம்' என்று பந்தல் போட்டால் கொருக்குப்பேட்டையில் ஒருவரும் வர மாட்டார். 'தோல் முகாம்' என்று போட்டுச் சொறிக்கும் படர்தாமரைக்கும் சரியான மருந்து கொடுத்தால், அரிப்பு தாங்காத பாதித் தெரு வரும்; அந்தக் கூட்டத்தில் அரிக்காத திட்டும் வரும். ஜனவரி 30, காந்தி நினைவு நாளில் தொடங்கி இரண்டு வாரம் உறுதிமொழியும் ஊர்வலமுமாக நடக்கும் விழிப்புணர்வைவிட, ஆண்டு முழுக்க மாநகராட்சிப் பள்ளிகளிலும் வேலைத்தலங்களிலும் சத்தமில்லாமல் நடக்கும் தோல் பரிசோதனை களங்கத்தைக் குறைவாகவும் நோயாளிகளை அதிகமாகவும் வெளிக்கொண்டுவரும்.

கண்டுபிடித்த பிறகு அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் ஆதாரம் கொஞ்சம் சிக்கலானது. நோயாளியோடு பழகுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால், முதல் இரண்டு ஆண்டில் அவர்களிடையே புதிய நோய் 57 சதவீதம் குறைகிறது என்று வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வு 2008இல் காட்டியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது, இந்தியத் திட்டமும் எடுத்துக்கொண்டது. அதே ஆய்வில், ஒரே வீட்டில் இருக்கும் ரத்த உறவுகளுக்குப் பாதுகாப்பு குறைவாகவே இருந்தது, அதாவது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு. ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் தலையாய மருந்து என்பதால், காசநோய் மிகுந்த வட சென்னையில் அதைத் தாராளமாக இறைத்தால் மருந்துக்கு அடங்காத காசநோய் பெருகுமோ என்ற கவலையும் அற்பமானது இல்லை. ஒரு வேளை மருந்தால் அப்படி ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே நிபுணர்களின் கணிப்பு; இருந்தாலும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருக்கிறதா என்று கேட்டு, காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டே கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால், தொழுநோயைத் தேடப் போன இடத்தில் காசநோயாளிகளும் அகப்படுவார்கள்.

அளவுகோலை மாற்றாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. இன்று வட்டார சுகாதார அதிகாரி ஒருவர் உண்மையாகத் தேடினால், அவர் பகுதியில் எண்ணிக்கை ஏறும், மேலே இருப்பவர்கள் விளக்கம் கேட்பார்கள். தேடாமல் இருப்பவருக்குத் தொல்லை இல்லை. இது தலைகீழாக வேண்டும். வார்டு வாரியாக எத்தனை புதிய நோயாளிகள், அவர்களில் எத்தனை பேர் குழந்தைகள், எத்தனை பேர் ஏற்கெனவே ஊனத்தோடு வந்தவர்கள், எத்தனை பேர் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள் என்ற நான்கு எண்களையும் மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புதிய நோயாளிகள் கூடி, ஊனத்தோடு வருகிறவர்கள் குறைந்தால் அந்த அதிகாரிக்குப் பாராட்டு. இரண்டும் குறைவாகவே இருந்து, வருகிற ஒருவரும் மடங்கிய கையோடு வந்தால் அவரிடம் விளக்கம். நான்கில் குழந்தைகளின் எண்தான் மிகக் கூர்மையானது. பெரியவரின் நோய் இருபது வருடப் பழங்கதையாக இருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்றால், சமீப ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் அருகில் சிகிச்சை பெறாத ஒருவர் இருந்திருக்கிறார், பெரும்பாலும் இன்னும் இருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனமும் இப்போது பதிவேட்டுக் கணக்கைக் கைவிட்டுக் குழந்தைகளைத்தான் எண்ணச் சொல்கிறது. பரவல் அறுந்தது என்று ஏற்க, உள்ளூரில் தொற்றிய குழந்தை நோயாளி ஒருவர்கூடத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இருக்கக் கூடாது. 2024இல் தொழுநோய் இல்லாத முதல் நாடு என்ற சான்று ஜோர்டானுக்குக் கிடைத்தது. அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லை. இந்திய அரசு வைத்திருக்கும் இலக்கு 2027க்குள் பரவலைப் பூஜ்யமாக்குவது. ஐந்து ஆண்டுக் கணக்குப்படி, அதற்கு 2022 முடிந்த கையோடு குழந்தை நோயாளிகள் நின்றிருக்க வேண்டும். 2023இல் உலகில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைத் தொழுநோயாளிகள் 10,322 பேர். இந்தியக் குழந்தைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.